சிவப்பு சாக்பீஸ்

கொள்ளிடக்கரையில் எங்கள் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவர் ஆய்வக உதவியாளர். ஒல்லியான பெண், என் வயதுதான் இருக்கும். தினமும் காலையில் தண்ணீரின் கலங்கலை அளந்து, அந்த எண்ணை வாசல் பலகையில் ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதுவார். அப்படி எழுத எந்த உத்தரவும் கிடையாது. விதி அனுமதிக்கும் அளவில் பாதியைத் தாண்டினாலே சிவப்பு சாக்பீஸை எடுத்துவிடுவார்.

அமைச்சர் பார்வையிட வந்த நாளில் ஆற்றில் புதுவெள்ளம். பலகையில் சிவப்பு எண். இளநிலைப் பொறியாளனான நான் பதறி ஓடினேன்.

"அழிங்க. விதிப்படி நாம பாஸ்தானே?"

"விதிக்குப் பாஸ் சார். எனக்கு இல்ல."

"யார் உங்கள எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. அதனால யார் சொல்லியும் நிறுத்த மாட்டேன்."

உள்ளங்கையால் நானே அழித்தேன். கட்சிக்கொடி கட்டிய கார்கள் வருவதற்குள் அவர் அதே எண்ணை இன்னும் பெரிதாக எழுதிவிட்டார். அமைச்சர் நின்று படித்தார். சிவந்திருந்த என் கையைப் பார்த்தார்.

"நீங்க எழுதினதா? தைரியம்தான்!"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாளும் தண்ணீர் தெளியவில்லை. அவர் சாக்பீஸை என்னிடம் நீட்டினார். "இனிமே நீங்களே எழுதுங்க சார்."

அது கேலியா, மன்னிப்பா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சிவப்பில்தான் எழுதினேன்.