சனீஸ்வரனுக்கு வைத்த கிரீஸ்

இராணுவங்கள் தோற்கும், கலையும், வேறு கொடியின் கீழ் திரும்ப முளைக்கும். அவை பூசிவிட்டுப் போன கிரீஸ் மட்டும் எங்கும் போகாது. இந்த உண்மையை நான் ஓய்வுபெற்ற பிறகு, லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறையில், மனைவியின் ஹெயார் டிரையரைக் கையில் பிடித்தபடி கற்றுக்கொண்டேன்.

நான் இலக்குச் சுடும் சங்கம் ஒன்றில் உறுப்பினன். யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு வயதுபோன காலத்தில் இது ஏன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன் நான் கோயில் நிர்வாக சபையில் இருந்தேன் என்பதுதான் பதில். அங்கே ஒவ்வொரு கூட்டத்திலும் யார் யாரைச் சுடுவார்கள் என்று சொல்ல முடியாது. இங்கே எல்லாரும் காதை மூடிக்கொண்டு ஒரே திசையில் சுடுகிறார்கள்.

மனைவி ஓய்வுபெற்ற வார்ட் சிஸ்டர். அவளுடைய கருத்து சுருக்கமானது.

“துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்து, இஞ்ச கடையில போய்த் துவக்கு வாங்கின ஒரே மனிசன் நீங்கள்தான்.”

வாங்கியது பழைய பிரிட்டிஷ் இராணுவ ரைஃபிள். ஊரில் பொலிஸ்காரர் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் திரிந்த அதே த்ரீ-நாட்-த்ரீ. ஏதோ ஒரு நாட்டுக் கிடங்கில் என் உத்தியோக காலம் முழுவதையும் உறங்கிக் கழித்துவிட்டு, துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீசோடு அப்படியே வந்து சேர்ந்திருந்தது. நிறம் காய்ச்சிய பனங்கட்டிப் பாணி. பதம் காதுக் குரும்பி. மணம், மழை நாளில் பஸ் டிப்போ. இரும்பு எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே விரலால் சுரண்ட வேண்டியிருந்தது.

இங்கே சட்டத்தைச் சொல்ல வேண்டும். நான் கவுன்சிலில் உரிமம் வழங்கும் பிரிவில் வேலை செய்தவன். எதற்கும் ஒரு நடைமுறை இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இல்லாவிட்டால் நானே ஒன்று எழுதிக் கொடுத்திருப்பேன். துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பவர் அதைச் சுவரோடு முடுக்கிய இரும்பு அலுமாரியில் பூட்டி வைக்க வேண்டும். அந்த அலுமாரியின் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, எங்கே இருக்கிறது என்பது உரிமம் உள்ளவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியக்கூடாது. மனைவிக்கும் தெரியக்கூடாது.

இந்த விதியை எழுதியவர்கள் எங்கள் வீடுகளில் ஒருநாளும் இருந்து பார்க்கவில்லை. எங்கள் ஆட்களின் வீட்டில் திறப்புக் கோர்வை பெண்ணின் ராச்சியம். என் மற்றச் சொக்ஸ் எங்கே, என் இரத்த அழுத்தம் எவ்வளவு, நான் நாளைக்கு எதற்குக் கோபப்படப் போகிறேன் என்பதெல்லாம் என்னைவிட அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளிடமிருந்து ஒரு திறப்பை ஒளிப்பதற்கு நடைமுறைக் கையேடு எதுவும் கிடையாது.

யோசித்து யோசித்து ஓர் இடம் கண்டுபிடித்தேன். சாமி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு சனீஸ்வரன் படம் இருந்தது. தலயாத்திரை போய்வந்த உறவினர் ஒருவர் அன்பாகக் கொண்டுவந்து தந்தது. சனீஸ்வரனின் பார்வை நேராக விழுந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். சாமிப் படத்தைக் குப்பையில் போடவும் முடியாது. ஆகவே மனைவி ஒரு சமரசம் செய்திருந்தாள்: படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தூசு தட்டும்போது கூட அதைத் தொடமாட்டாள். நானோ ஊரறிந்த நாத்திகன். சாமி அலுமாரிக்குக் கிட்டப் போவதே இல்லை. படத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சிறு கொளுக்கியை அடித்துத் திறப்பைத் தொங்கவிட்டேன். சனீஸ்வரன் இரவு பகலாக அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிடக் கண்டிப்பான காவலாளியை எந்தக் கொம்பனியும் அனுப்பாது.

அந்த நேரம் பார்த்து என் உரிமம் முடியும் தறுவாயில் இருந்தது. புதுப்பிப்பதற்கு முன் பொலிஸ் உரிமப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து அலுமாரியைப் பார்ப்பார், மனைவியோடும் பேசுவார். திறப்பு இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும் என்று வந்தால், உரிமம் போகலாம். உரிமம் போனால் ரைஃபிளும் போய்விடும், ஒரு குண்டு கூடச் சுடாமல்.

கிரீஸை எடுக்க ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். இதைத் தோட்டத்தில் செய்வதுதான் முறை. ஆனால் கிழக்கு லண்டனில், மாநிறத் தாத்தா ஒருவர் பின்வளவில் ரைஃபிளோடு நின்றால், அடுத்த வீட்டார் முதலில் எனக்கு வணக்கம் சொல்லமாட்டார்கள். ஆகவே சமையலறை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, மேசைமேல் குப்பைப் பைகளை விரித்தேன்.

இந்த வேலைக்கு இணையத்தில் பல முறைகள் உண்டு. ஒவ்வொன்றையும் எழுதியவர் மற்றவர்கள் எல்லாரும் மடையர்கள் என்று சொல்லித்தான் தொடங்குகிறார். கோயில் பொதுக்கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் படித்து, பொதுவானதை மட்டும் எடுத்துக்கொண்டேன். சிறிய உறுப்புகளை வெந்நீரில் போட வேண்டும். சூட்டுக்கு கிரீஸ் உருகி மேலே மிதக்கும். அதற்கு ஆழமான பானை தேவை. வீட்டில் ஆழமான பானை ஒன்றுதான்: இடியப்பம் அவிப்பது. அதில் சுருள்வில்லும் திருகாணியும் வெந்தன. தண்ணீரின் மேல் பழுப்பு ஆடை படிந்தது. குழலுக்குப் புனல் வைத்துக் கொதிநீரை ஊற்றினேன். மறுமுனையால் ஒரு சாம்ராஜ்யத்தின் சளி முழுவதும் வந்து விழுந்தது. வீட்டில் கட்டும் பழைய சாரம் ஒன்றைக் கிழித்து வைத்திருந்தேன். துடைப்பதற்கு அதைப்போல ஒரு துணி உலகத்தில் இல்லை.

மரப்பாகம்தான் பாடாய்ப் படுத்தியது. மரம் கிரீஸைக் குடித்திருந்தது. ஹெயார் டிரையரால் சூடு காட்டினால் மெல்ல வேர்த்தது. துடைத்தால் நின்றது. திரும்பவும் சூடு காட்டினால் திரும்பவும் வேர்த்தது. உரிம விசாரணைக்கு வந்த கடைக்காரர் போல, கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டது.

கையுறை போட்டுத்தான் செய்தேன். அழுக்குக் கை, சுத்தக் கை என்று மனைவி வார்டில் பழக்கிய பழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் நடுவில் தொலைபேசி அடித்தது. கையுறையைக் கழற்றி எடுத்தேன். பேசியது உரிம அதிகாரி, ஓர் இளம்பெண். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை வரலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றேன். என் கையில் தொலைபேசியும், எதிரே குழம்பு போலக் கொதிக்கும் துப்பாக்கியும். பேசி முடித்து, கையுறையை மறந்து, மிச்சத்தை வெறுங்கையால் துடைத்தேன். உறுப்புகளைப் பூட்டி, எண்ணெய் தடவி, அலுமாரியில் வைத்துப் பூட்டிய நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. ஓடிப்போய்ச் சனீஸ்வரனுக்குப் பின்னால் திறப்பை மாட்டினேன்.

அடுத்த நாள் காலையில் சாமி அலுமாரிப் பக்கமிருந்து குரல் வந்தது.

“இஞ்சருங்கோ, ஒருக்கா வாங்கோ.”

போனேன். அவள் மேல்தட்டைக் காட்டினாள். சனீஸ்வரன் படத்தின் பின்பக்க விளிம்பில் ஒரு பெருவிரல் தடம். பழுப்பாக, பளபளவென்று.

“சனீஸ்வரன்ர படத்தில எண்ணெய் கிடக்கு. நான் வைக்கேல்லை. வீட்டில நாங்கள் ரெண்டு பேர்தான்.”

முப்பது வருடம் மற்றவர்களை விசாரித்த எனக்கு ஒரு நல்ல பொய் வாயில் வந்தது என்று அப்போது நினைத்தேன்.

“நான்தான் வைச்சனான்.”

“நீங்களோ?”

“ஓம். எனக்கு ஏழரைச் சனி எண்டு ஆரோ சொன்னவை. ஒரு பொட்டு எண்ணெய் வைச்சன். அதில என்ன பிழை?”

“நல்லெண்ணெயோ?”

“நல்லெண்ணெய்தான்.”

அவள் விரலால் அந்தத் தடத்தைத் தொட்டாள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். கண்ணை மூடினாள்.

“நல்ல பக்திதான்,” என்றாள்.

அன்று மாலையே குரொய்டனில் உள்ள அவளுடைய அக்காவுக்குச் செய்தி போனது. அடுத்த அறையிலிருந்து எனக்குக் கேட்டது: “அக்கா, மனிசன் களவாச் சனீஸ்வரனுக்கு எண்ணெய் வைக்கிறார்! ... ஓம், இவர்தான்! ... நானும் நம்பேல்லை, கையால தொட்டுப் பார்த்தனான்.” அக்காவுக்குத் தெரிந்த பிறகு அதை லண்டனில் மறைக்க அரசாங்கத்தாலும் ஏலாது. கோயில் தலைவர் தொலைபேசியில் வந்தார். நான் சபையை விட்டுப் போகக் காரணமாக இருந்தவரே அவர்தான்.

“அண்ணை, கேள்விப்பட்டன். பெரிய சந்தோசம். கடைசியில எல்லாரும் வந்துதானே ஆகவேணும்.”

“நான் ஒரு பொட்டு எண்ணெய்தான் வைச்சனான்.”

“அப்பிடித்தான் அண்ணை தொடங்கும்.”

மறுக்க வழியில்லை. எண்ணெய் இல்லை, கிரீஸ் என்று சொன்னால், கிரீஸ் அங்கே எப்படி வந்தது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியின் முடிவில் ஒரு கொளுக்கியும் ஒரு திறப்பும் தொங்குகின்றன. ஆகவே சனிக்கிழமைகளில் மனைவியோடு கோயிலுக்குப் போனேன். கறுப்புத் துணியில் எள்ளைப் பொட்டலம் கட்டி நல்லெண்ணெயில் எரித்தேன். புகை கண்ணுக்குள் போனபோது மற்றவர்கள் அதைக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். 

திறப்பை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று பார்த்தால், அதற்கும் வழியில்லை. மனைவி இப்போது தனியாகக் கோயிலுக்குப் போவதில்லை. துணைக்கு ஒரு பக்தன் கிடைத்துவிட்டான். வீட்டில் சனீஸ்வரன் தட்டுக்குக் கீழே ஒரு விளக்கை வைத்து, அதற்கெதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் வாசிக்கத் தொடங்கினாள். படத்தை மட்டும் தொடவில்லை.

வியாழக்கிழமை வந்தது. அதிகாரி வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள், நல்ல பிள்ளை. மாடியில் சின்ன அறையில் இருக்கும் அலுமாரியைத் தட்டிப் பார்த்தாள், முடுக்கிய ஆணிகளை ஆட்டிப் பார்த்தாள். பிறகு, “திறக்கிறீர்களா?” என்றாள். ரைஃபிளின் இலக்கத்தைச் சரிபார்க்க வேண்டுமாம்.

நான் கீழே வந்தேன். மனைவி சாமி அலுமாரிக்கு எதிரே, கதிரையில். திறப்பு அவளுடைய கண்ணுக்கு நேரே, படத்துக்குப் பின்னால். அவள் பேப்பரை மடித்துவிட்டு எழும்பினாள்.

“அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பன் சுடப்போறன். எண்ணெய் தெறிக்கும், கதவைச் சாத்துறன். கொஞ்ச நேரம் எடுக்கும்.”

கதவு சாத்தப்பட்டது. நான் திறப்பை எடுத்துக்கொண்டு என் வயதை மறந்து மாடிப்படி ஏறினேன்.

இலக்கம் சரியாக இருந்தது. ரைஃபிள் மிகவும் சுத்தமாக இருக்கிறது என்று அதிகாரி பாராட்டினாள். பிறகு கீழே வந்து, சுடச்சுட வாழைப்பழ வாய்ப்பன் சாப்பிட்டபடி மனைவியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“அலுமாரித் திறப்பு எங்கே இருக்கிறது என்று உங்கள் கணவர் உங்களிடம் சொல்லியிருக்கிறாரா?”

இவ்வளவு ஆபத்திலும் எனக்குள் இருந்த பழைய உத்தியோகத்தன் முகம் சுளித்தான். அப்படிக் கேட்கக்கூடாது. “சொன்னாரா” என்றல்ல, “உங்களுக்குத் தெரியுமா” என்றுதான் கேட்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நான் எத்தனை தரம் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

“ஒருநாளும் சொன்னதில்லை,” என்றாள் மனைவி, தெளிவான ஆங்கிலத்தில். “அவர் எனக்கு எதைத்தான் சொல்கிறார்? இந்த வயதில் கடவுள் பக்தி வந்ததைக்கூட நானாகத்தான் கண்டுபிடித்தேன்.”

அதிகாரி சிரித்துக்கொண்டு இன்னொரு வாய்ப்பன் எடுத்தாள். உரிமம் புதுப்பிக்கப் பரிந்துரைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். மனைவி கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இனி அந்தத் திறப்பைச் சனீஸ்வரனுக்குப் பின்னால இருந்து எடுங்கோ. நீங்கள் இழுத்த இழுவையில படம் சரிஞ்சுபோய்க் கிடக்கு.”

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

“எப்ப தெரியும்?”

“மணந்து பார்த்த உடன. நல்லெண்ணெய்க்கும் டிப்போ எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாமலோ இவ்வளவு காலம் சமைச்சனான்? விரலடையாளம் உங்கட எண்டும் தெரியும். பேந்து பின்னால எட்டிப் பார்த்தன்.”

“அப்ப ஏன் நீர் உம்மட அக்காவுக்கு அப்பிடிச் சொன்னனீர்?”

“நீங்கள்தானே எனக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்.”

“கோயில் தலைவர் வரைக்கும் போச்சே!”

“புண்ணியம்தானே.” கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். “என்ர இடியப்பப் பானைக்குள்ள இரும்பு அவிச்ச மனிசன் ஆறேழு சனிக்கிழமை எள்ளு எரிச்சால் குறைஞ்சு போகமாட்டார். நான் அண்டைக்கே புதுப் பானை வாங்கிட்டன். பழசு ஷெட்டில கிடக்கு. துவக்குக்கே வைச்சுக்கொள்ளுங்கோ.”

அன்றே திறப்பை எடுத்தேன். நடைமுறை நடைமுறைதான். இலக்கப் பூட்டுள்ள சிறு இரும்புப் பெட்டி வாங்கி அதற்குள் வைத்தேன். இலக்கம் அவளுடைய பிறந்தநாள் இல்லை. அது எனக்கு ஞாபகமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆனால் கோயிலை விட முடியவில்லை. இனி வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

“சரி. அந்தப் பொலிஸ் பிள்ளையின்ர நம்பர் ஃபிரிட்ஜில ஒட்டியிருக்கு,” என்றாள். “வாய்ப்பன் செய்முறை கேட்டவள். ஒருக்கா எடுத்துக் கதைக்கோணும்.”

இப்போது சனிக்கிழமை காலை கோயில், மத்தியானத்துக்குப் பிறகு சங்கம். முதல் தடவை அந்த ரைஃபிளைச் சுட்ட நாளும் சனிக்கிழமைதான். தோள் நன்றாக அடிவாங்கியது. ஐந்தாறு குண்டுக்குப் பிறகு குழல் சூடேற, மரத்தின் இடுக்குகளிலிருந்து பழுப்புத் துளிகள் வேர்த்து இறங்கின. ஹெயார் டிரையருக்குச் சொல்லாததை எல்லாம் இப்போது சொன்னது. என் சட்டைக் கை, கன்னம், முழங்கை எல்லாம் கிரீஸ்.

பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஆங்கிலக் கிழவர் ஒரு துணியை நீட்டினார்.

“நெற்றியிலும் கொஞ்சம் இருக்கிறது,” என்றார்.

நெற்றியில் இருந்தது காலையில் ஐயர் வைத்துவிட்ட ஓமகுண்டக் கரி. நெய்யில் குழைத்த கறுப்புப் பொட்டு. வீட்டுக்குப் போனதும் அது இருக்கிறதா என்று ஒருத்தி பார்ப்பாள்.

“அது போகாது,” என்றேன். கன்னத்தை மட்டும் துடைத்துக்கொண்டு துணியைத் திருப்பிக் கொடுத்தேன்.