ஆடியிலும் உதிர்ந்தது

வாதா மரத்து இலை விழுந்தால் சத்தம் கேட்கும். வேப்பிலை மாதிரி காற்றோடு காற்றாகப் போய்விடுகிற சங்கதி இல்லை அது. விரித்த கையைவிடப் பெரியதாக, சிவந்து விறைத்துப்போன இலை கிளையை விட்டு, கீழே இருக்கும் இலைகளில் தட்டித் தட்டி இறங்கி எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் 'டப்'பென்று விழும்போது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கூட ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். ராயபுரத்தில் கூட்ஸ் வண்டித் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த எங்கள் தெருவில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், அந்தச் சத்தத்தைக் கேட்டு நோட்டில் எழுதி வைத்தேன். எழுதினதுதான் வம்பாகிப் போனது.

அப்போது எட்டாம் வகுப்பு. ஜூனில் பள்ளி திறந்ததும் இயற்கைப் பாட டீச்சர், ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வருஷம் முழுக்கக் கவனித்து எழுத வேண்டும் என்றார். முழுப் பரீட்சைக்கு முன்னால் இன்ஸ்பெக்டரம்மா வருவார்; அவரிடம் காட்டப்போகும் ஒரே ஒரு நோட்டுக்குரியவளுக்கு, பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு சேர டீச்சரே சிபாரிசுக் கடிதம் தருவார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் நைனா அதைக் கேட்டுவிட்டு, "லெட்டர் வந்தா போய்ப் படி, இல்லாங்காட்டி வூட்ல கெட" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

மற்ற பெண்கள் வேம்பு, அரசு, புங்கன் என்று கௌரவமான மரங்களாகப் பார்த்து எடுத்துக்கொள்ள, நான் எங்கள் வீட்டை ஒட்டி நின்ற வாதா மரத்தை, நாட்டு வாதுமையை, எடுத்துக்கொண்டேன். ஆனியில் அதன் இலைகளில் எஞ்சின் கரி படிந்திருக்கும், விரலால் என் பெயரை எழுதலாம். ஆடி பிறந்ததும் இலைகள் ஒவ்வொன்றாகச் சிவந்து, இருபது நாளில் மரம் மொட்டையாக நின்றது. ஆவணியில் கண்ணைப் பறிக்கும் பச்சையில் துளிர்த்தது. ஐப்பசி மழை கரியையெல்லாம் கழுவிவிட்டது. வௌவால் கடித்துப் போட்ட பழங்களைப் பொறுக்கி, கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்துத் தின்றதையும் மறைக்காமல் எழுதினேன். தை மாதம் மரம் மறுபடி சிவந்து மறுபடி மொட்டையானது. அதையும் எழுதினேன்.

மாசியில் நோட்டைப் பார்த்த டீச்சர் ஆடி மாதப் பக்கத்தில் விரலை வைத்தார். "மரம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் இலை உதிர்க்கும். ஆடிக் காத்துல நாலு இலை விழுந்திருக்கும், அதைப் போய் உதிர்ந்ததுன்னு எழுதியிருக்கே. இதை அடிச்சிட்டுக் கொண்டா, உன் நோட்டைத்தான் காட்டப் போறேன்."

"காத்துல வுழுந்திருந்தா பச்ச இலையும் வுழுந்திருக்கணும் டீச்சர். செவந்ததுதான் வுழுந்துச்சு."

"புத்தகத்துல இருக்கிறதைவிட உனக்கு அதிகம் தெரியுமோ?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்று சாயங்காலம் அந்த வரியை அடிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஒன்பதாம் வகுப்பை விட ஆடி மாதம் எனக்கு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் நடந்ததை அதற்குள் எல்லம்மாக்காவிடம் உளறிவிட்டிருந்தேன்; அவரை நினைத்ததும் நாளைக்குப் பார்க்கலாமென்று நோட்டை மூடிவைத்தேன். மரத்துக்குப் பக்கத்து மணலில் கருவாடு காயவைப்பவர் அவர். ஈர இலை ஒட்டினால் கருவாட்டில் கறை பிடித்துவிடும் என்று, உதிர்கிற நாட்களில் மரத்தைத் திட்டிக்கொண்டே இடுப்பொடியப் பெருக்குவார்.

அவர் மறுநாள் மத்தியானம் விளக்குமாறும் கையுமாகப் பள்ளிக்கூட கேட்டில் வந்து நின்றார். "அந்தப் பொண்ணு பொய் சொல்லல டீச்சரம்மா. வர்சத்துக்கு ரெண்டு தபா அந்த மரம் மொட்டையா நிக்குது. பெர்க்கறவ நானு, எனுக்குத் தெரியாதா?"

டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "கருவாட்டுக்காரி வந்து எனக்குப் பாடம் எடுக்கிறாளா?" என்று சிரித்து, கேட்டைச் சாத்தச் சொன்னார். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் எல்லம்மாக்காவை எனக்குத் தெரியாது என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வெட்கம் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லம்மாக்கா, "நீ எழுதனது கரீட்டுதாம்மே, வுடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழே, அழியாத மசியில், "இதற்குச் சாட்சி: எல்லம்மா, மரத்தடியைப் பெருக்குபவர்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, மறுநாள் டீச்சரின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தேன். டீச்சர் படித்துவிட்டு, சிவப்புப் பென்சிலால் இரண்டு வரிக்கும் குறுக்கே கோடிழுத்து நோட்டை என்னிடம் நீட்டினார். கடிதம் வேப்பமரத்துக்காரிக்குப் போயிற்று. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுடைய மரம் டீச்சர் சொன்னபடி நடந்துகொண்டது, அவ்வளவுதான்.

"ஒரு வரிய அட்ச்சா உனுக்கு இன்னா கொறஞ்சிடும்?" என்று கேட்டார் நைனா.

"அப்புறம் அது பொய்யாயிடும் நைனா."

அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. ஆனால் சொன்ன சொல்லில் நின்றார். பள்ளி திறந்தபோது நான் வீட்டில் இருந்தேன். மூன்றாவது ஜூனில்தான் அவர் மனம் இறங்கினார்; வேறொரு பள்ளிக்கூடத்தில், என்னைவிடச் சின்னப் பெண்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இப்போது அந்தத் தெருவில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டினார்கள். கருவாடு காய்ந்த மணலைக் கடல் கொண்டுபோய், மிச்ச இடத்தில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். எல்லம்மாக்காவும் இல்லை. ஒரு வரிக்காக இரண்டு வருஷத்தைத் தொலைத்தவள் என்று என் தங்கை இன்றும் என்னைச் சொல்லிக்காட்டுவாள், சொல்லட்டும். அந்த இரண்டு வருஷத்தில் மரம் நான்கு தடவை மொட்டையானது. ஆடி, தை, ஆடி, தை என்று நான்கையும் அதே நோட்டின் மீதிப் பக்கங்களில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் எல்லம்மாக்காவின் கைநாட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.