நரியின் வாய்க்கட்டு

எழுபதுகளின் கடைசியில், சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில் ஒரு சிற்றூரில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். பள்ளி விட்டதும் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு நரி ஜோடியைக் கவனிப்பதுதான் என் பொழுதுபோக்கு. ஆண் நரி ஆட்டு மந்தையைக் கண்டுகொள்ளாததுபோல, காவல் நாய்களின் கண்ணில் படும்படி மெதுவாக நடக்கும். நாய்கள் துரத்திக்கொண்டு ஓடும். அதற்குள் மரவள்ளிக் காட்டில் படுத்திருக்கும் பெண் நரி வந்து ஆட்டுக்குட்டியைக் கவ்விப் போய்விடும்.

பொங்கலையொட்டி அந்த ஊரில் நரியை உயிரோடு பிடித்து, வாயைக் கட்டி, மாலை போட்டுக் கோயிலைச் சுற்றி வருவார்கள். நரி முகத்தில் முழித்தால் மழை பெய்யும் என்று நம்பிக்கை. பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள். முந்தைய வருஷம் நரியும் சிக்கவில்லை, மழையும் இல்லை. அந்த வருஷமும் வலையோடு போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

நான்தான் சொன்னேன்: "ஓடுறதத் துரத்தாதீங்க. அது உங்கள இழுத்துக்கிட்டுப் போவுது. இன்னொண்ணு மரவள்ளிக்குள்ள படுத்திருக்கும்."

"நரி என்னமோ மாமன் மச்சானாட்டம் பேசுறாரு பாரு வாத்தியாரு!" என்று வலைக்காரர் சிரித்தார். ஆனால் போனார்.

பெண் நரி சிக்கியது. வயிறு கனத்திருந்தது. சினை என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. மேளச் சத்தத்தில் என்னையும் தோளில் தூக்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஏரிக்கரையில் விடும்போது கால் கட்டை நான் அறுத்தேன். வாய்க்கட்டை அறுக்கப் பயம். "கடிச்சா ஊசி போடணும். கயிறு தளர்வாத்தான் இருக்கு, அதுவே கழட்டிக்கும்" என்றேன். படித்தவன் சொன்னதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

சில நாள் கழித்து இரண்டையும் பார்த்தேன். ஆண் ஒரு எலியைக் கொண்டுவந்து பெண்ணின் முன் போட்டது. பெண் முகர்ந்தது. முன்னங்காலால் வாயைத் தேய்த்தது. கயிறு அப்படியே இருந்தது. ஆண் எலியைக் கவ்வி இன்னும் கொஞ்சம் அருகே வைத்தது.

கத்தியோடு இறங்கி நடந்தேன். இரண்டும் மறைந்துவிட்டன. வலையோடு வந்தவர்களும் அப்படித்தான் நேராக நடந்து வந்தார்கள். அவர்களை அனுப்பியவன் நான்.

வலைக்காரரிடம் ஓடினேன்.

"பண்டிகை முடிஞ்சுபோச்சுங்க. விட்ட நரிய மறுபடி பிடிச்சா ஊருக்கு ஆவாது."

"வாய் கட்டியே இருக்குதுய்யா. பட்டினியில செத்துடும்."

"நீங்கதானே கழட்டிக்கும்னீங்க?"

தினமும் சாயங்காலம் கத்தியோடு தனியாகப் போய்த் தேடினேன்.

ஒரு நாள் ஆண் மட்டும் வந்தது. வாயில் எலி. அதை ஒரு புதரடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தது. பிறகு எடுத்துக்கொண்டு அடுத்த புதருக்குப் போனது. அங்கேயும் வைத்துக் காத்திருந்தது. கண் தெரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அது தின்னவே இல்லை.