சேலை போர்த்திப் பால் கறந்த மாதங்கள்

என் மனைவி தலைப்பிரசவத்துக்காகப் பள்ளிப்பட்டிலிருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பிய அன்று, கடைசியாகச் சொன்னது என்னைப் பற்றி அல்ல, மாட்டைப் பற்றி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "மடியில பால தங்க வுடாதீங்க, வத்திப்பூடும். எங்க அக்காவுக்குப் பாலே ஊறல. எனக்கு எப்படியோ! கொழந்தையோட வர்றப்போ ஊட்ல பால் இருக்கணும்" என்றாள்.

"ஆங், ஆங், நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன். தெரியாத வேலைக்கெல்லாம் தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

அறுபதுகளின் கடைசி அது. திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. நெசவுக் குடும்பம். காலையில் தறிக்குழிக்குள் கால்களை இறக்கினால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். கொல்லையில் இருந்த கீரைப்பாத்தி, அவரைப் பந்தல், பிறந்த வீட்டில் அவளுக்குக் கொடுத்த பசு எல்லாம் அவள் ராஜ்ஜியம். பசு கன்று போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அதன் மடியை நான் ஒரு நாளும் தொட்டதில்லை.

அன்று சாயங்காலம் கன்றை ஊட்டவிட்டேன். வாயோரம் நுரை தள்ளியதும் பிடித்துக் கட்டிவிட்டு, செம்போடு உட்கார்ந்தேன். நெசவாளியின் கை நூலை இழுத்துப் பழகிய கை. காம்பையும் அப்படியே இழுத்தேன். விட்டது ஓர் உதை. செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மறுநாள் அடுத்த தெருவில் பால் ஊற்றுகிறவரை அழைத்து வந்தேன். அவருக்கும் அதே மரியாதைதான். "இது நம்ம கைக்கு மசியாதுப்பா" என்று வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார்.

கன்றே குடிக்கட்டும் என்று விட்டேன். வயிறு முட்டக் குடித்து அதற்குக் கழிச்சல் கண்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மாட்டையும் திட்டினேன், பிள்ளை பெறப் போனவளையும் திட்டினேன். பிறகு வெட்கப்பட்டு, கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து என் விரலை அதன் வாயில் கொடுத்துப் பார்த்தேன். அது இழுக்கவே இல்லை. நாக்கால் அடியிலிருந்து நுனிவரை அழுத்தி அழுத்திச் சப்பியது. அட, இவ்வளவுதானா என்றிருந்தது.

கையில் விளக்கெண்ணெய் தடவி, காம்பின் மேல்புறத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளைத்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மூடினேன். இடது கை, வலது கை, மாறி மாறி. தறியில் மிதிக்கட்டையை மிதிக்கும் அதே கணக்கு. உதை நின்றது. ஆனால் பால் செம்பின் அடியை நனைத்ததோடு சரி. மாடு என்னைத் திரும்பி முகர்ந்து பார்க்கும், மீதியை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். மடி கல்லாக இருந்தது. நாளுக்கு நாள் பால் குறைந்தது. அவள் வரும்போது என்ன முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்று பயந்தேன்.

மார்கழி பிறந்தது. மலைமேல் பாட்டு போட்டிருந்தார்கள். அன்று குளிர் தாங்காமல், கொடியில் கிடந்த அவளுடைய பழைய சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மாடு திரும்பியது. சேலையை வெகுநேரம் முகர்ந்தது. முந்தானையை ஒருதரம் நக்கியது. என் கைக்குள் மடி தளர்ந்தது. பால் செம்பில் சர் சர்ரென்று இறங்கி நுரை கட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாடு அவளைத்தான் தேடியிருக்கிறது. நானும் அவளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மாட்டைத் திட்டியதெல்லாம் அதனால்தான்.

அதன்பிறகு இரண்டு வேளையும் சேலைதான். வாசனை போய்விடுமென்று துவைக்கவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாண்ணா, அண்ணி எப்போ வந்தாங்க?" என்றாள். எரிந்து விழுந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. விடியற்காலையில் கறந்துவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். சாயங்காலக் கறவைக்காக மத்தியானமே கிளம்ப வேண்டியிருந்தது. இன்னொரு முறை போனபோதும் அப்படித்தான். "பெத்த பொண்ண விட மாடு பெரிசாப் பூடுச்சா?" என்று மாமியார் நேராகவே கேட்டுவிட்டார். மனைவி மட்டும், "எவ்ளோ கறக்குது?" என்றாள். செம்பு நிறைய என்றேன். சேலைக் கதையைச் சொல்லவில்லை. குழந்தை இரண்டு தரமும் தூங்கிக்கொண்டிருந்தது.

சித்திரையில் வந்தாள். அவள் பயந்தபடியேதான், தாய்ப்பால் பாதி வயிற்றுக்குத்தான் வந்தது. நேரே கொட்டகைக்குப் போனவள் ஆணியில் தொங்கிய சேலையைப் பார்த்தாள். சாண வாசனை, முந்தானையில் மாடு மென்ற ஓட்டை. "இது என் பொடவ இல்ல?" என்றாள். சொன்னேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் குழந்தையை வாங்கினேன். அது என் முகத்தைப் பார்த்தது. வீறிட்டு அலறியது. தூக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், அடங்கவில்லை. இத்தனை மாதம் அதற்காக நான் செய்ததெல்லாம் அதன் பக்கத்தில் இல்லாமல் இருந்ததுதான். என் குழந்தைக்கு என்னைத் தெரியவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மனைவி பையைத் திறந்து, முந்தின நாள் உடுத்தியிருந்த சேலையை எடுத்து உதறி என் தோளில் போர்த்தினாள். "மாட்டுக்கு ஒரு ஞாயம், பொண்ணுக்கு ஒரு ஞாயமா? நல்லா இழுத்துப் போத்திக்கோங்க" என்றாள். குழந்தையிடம் குனிந்து, "நைனாடி இது, உன் நைனா" என்றாள்.

குழந்தை இன்னும் கொஞ்சம் அழுதது. பிறகு மூக்கைச் சேலையில் தேய்த்தது. விசும்பல் நின்றது. கொட்டகையில் மாடு கத்தியது, கறக்கும் நேரம். நான் எழப் பார்த்தேன்.

"நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, சாணம் மணக்கும் அந்தப் பழைய சேலையை ஆணியிலிருந்து எடுத்துப் போர்த்திக்கொண்டு அவள் செம்போடு போனாள்.