நூற்றொன்றில் தொடங்கிய வரிசை

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு சைக்ளோஸ்டைல் கடை வைத்தவன் நான். பள்ளிக்கூடம் ஒன்று கழித்துப் போட்ட, நகலெடுக்கும் மெஷினை வாங்கி, உடைந்த கைப்பிடிக்குப் பதில் சைக்கிள் பெடலைப் பொருத்தி ஓடவைத்தவனும் நானே. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகள் பாஸானதும் பெயிலானதும் நான் ஓட்டிய கேள்வித்தாளில். இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. பொருளாதாரப் பேராசிரியர்கள் தேடிப் படிக்கும் ஒரு ஒர்க்கிங் பேப்பர் வரிசையை வளர்த்துவிட்டதும் நான்தான்.

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஒரு மாடியில் சின்ன ஆராய்ச்சி நிலையம் நடந்தது. அதை நடத்திய சார், ஆண்டிமடம் முந்திரி விவசாயிகளைப் பற்றி எழுதியதை ஸ்டென்சில் என்கிற மெழுகுத் தாளில் டைப் அடித்து எடுத்து வந்தார்.

"இது முடிஞ்ச கட்டுரை இல்லண்ணே. நாலு ஊருக்கு அனுப்புனா, படிக்கிறவங்க தப்பு சொல்லுவாங்க. திருத்திக்குவோம்."

"தப்பு சொல்றதுக்குத் தபால் செலவு வேறயா? எங்க வூட்ல குடுங்க சார், ஓசியிலயே சொல்லுவா."

அவர் சிரிக்கவில்லை. முன்பு அனுப்பிய இரண்டு கட்டுரைகளுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லையாம். "இதுக்கும் யாரும் எழுதலேன்னா பணம் தர்றவங்க நிலையத்த மூடச் சொல்லிடுவாங்கண்ணே. அதான் இனிமே நம்பர் போட்டு வரிசையா கொண்டுவரலாம்னு பாக்குறேன். அட்டையில ஒன்னுன்னு எழுதி, இந்த விலாசத்துக்கெல்லாம் நீங்களே அனுப்பிடுங்க." சொல்லிவிட்டு, கணக்கெடுக்க விக்கிரமங்கலம் போய்விட்டார்.

படித்தவருக்கு வியாபாரம் தெரியவில்லை. எங்கள் ஊரில் புதுக்கடை போடுகிற யாராவது பில் புத்தகத்தை ஒன்றிலிருந்து தொடங்குவார்களா? வாங்க வருகிறவன் நேற்று முளைத்த கடை என்று நினைத்துவிட மாட்டானா? உரக்கடையோ ஜவுளிக்கடையோ, முதல் பில்லே நூற்றொன்றுதான். நானும் ஊசிப் பேனாவால் ஸ்டென்சிலில் 101 என்று அழகாகக் கீறி, ஓட்டி, தைத்து, தபாலில் சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து சார் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே கடைக்கு வந்தார். கையில் ஏழு கடிதங்கள்.

"அண்ணே, ஆறு பேரு முந்தின நூறு பேப்பரையும் அனுப்பச் சொல்றாங்க. நான் எங்க போவேன்?"

"ஸ்டாக் தீந்துடுச்சுன்னு எழுதுங்க சார்."

"பொய் எழுதவா?"

"அப்ப உண்மையையே எழுதுங்க. ஏழாவது ஆளு என்ன கேக்குறாரு?"

"மூணாவது டேபிள்ல கூட்டல் தப்புன்னு எழுதியிருக்காரு."

"அதத்தானே சார் கேட்டீங்க? வந்துடுச்சுல்ல?"

அப்போதுதான் சிரித்தார். உள்ளதை உள்ளபடி ஏழு பேருக்கும் எழுதினார். பதிலுக்கு அவர்கள் தங்கள் கட்டுரைகளை அனுப்பி, 102 எப்போது வரும் என்று கேட்டார்கள். அந்தக் கடிதக் கட்டைக் காட்டித்தான் நிலையம் பிழைத்தது. பிறகு நிலக்கடலை, சுண்ணாம்புக்கல், ஆட்டுச் சந்தை என்று வெளியூர் ஆட்கள்கூட எங்கள் வரிசைக்கு எழுதினார்கள். நான் இரண்டாவது மெஷின் வாங்கினேன்.

இப்போது சாருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கெட்டி அட்டைப் புத்தகமாக்கியிருக்கிறார்கள். இங்கிலீஷில் இருந்த முன்னுரையை ஒருவரைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். டைப் அடித்த அம்மாவுக்கு நன்றி, ஜீப் ஓட்டியவருக்கு நன்றி, மாடி வீட்டுக்காரருக்கும் நன்றி. என்னைப் பற்றி ஒரே ஒரு வரி, அதிலும் நான் இல்லை: "ஏதோ காரணத்தால் இவ்வரிசை 101இல் தொடங்குகிறது."

அந்த ஏதோ காரணம் நான்தான். மறுபதிப்பில் அந்த இரண்டு வார்த்தைகளை அடித்துவிட்டு, அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்ளோஸ்டைல் கடை வைத்திருந்தவரால் என்று போட வேண்டும். இடம் போதாது என்றால் வீட்டுக்காரரை எடுத்துவிடுங்கள். வாடகைதான் வாங்கிக்கொண்டாரே.