நாலு கம்பத்து மைதானம்

ஒன்பது பேர் விளையாடும் குட்டி ரக்பி லீக் போட்டியை மெல்பேர்னில் எங்கே வைப்பது என்று எங்கள் தமிழ்ச் சங்கம் கூட்டம் போட்டது. கூட்டத்துக்கு வந்தவர்களில் ரக்பி லீக் பார்த்திருந்தவன், சிட்னியிலிருந்து குடிவந்த நான் ஒருவன்தான். அதனாலோ என்னவோ, என்னிடம் யாரும் கேட்கவில்லை.

தலைவர் அங்கிள் நோபல் பார்க்கில் ஒரு மைதானம் பார்த்துவிட்டதாக அறிவித்தார். எனக்குத் தெரிந்த மைதானம்தான். மெல்பேர்ன்காரர் உயிரை விடும் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்துக்கானது. முட்டை வடிவம், முனைக்கு நாலு கம்பம்.

பொறுக்க முடியாமல் எழுந்தேன். “அங்கிள், லீக்குக்கு நீள்சதுர மைதானம் வேணும். முனைக்கு ரெண்டு கம்பம்தான்.”

“தம்பி, நீர் ரெண்டு கேக்கிறீர். அங்க நாலு நிக்குது. பிறகென்ன?”

“கிளேட்டனில சரியான மைதானமே ஒண்டு கிடக்கு!”

“ஓம், கிடக்கு. அங்க குசினி இல்லை. கொத்துரொட்டியை எங்க வச்சுப் போடுறது?”

எல்லோரும் கதிரைகளை மடக்கத் தொடங்கினார்கள். முடிவாகிவிட்டது.

போட்டியன்று அங்கிள் போட்ட சுண்ணாம்புக் கோடுகூட வளைந்துதான் போனது. அந்த மைதானத்தில் நேராக இருந்தது கொத்துரொட்டி வரிசை மட்டும்தான். அதில் முதல் ஆளாக நின்றவன் நான்.