பாலம் வரும்போதெல்லாம்

கார்த்திகை 12, வியாழன். வங்கிக்குப் போன வேலையை முடித்து, நாகப்பட்டினத்தில் தஞ்சாவூர் பேருந்து ஏறினேன். பக்கத்து இருக்கை அம்மாள், பேச்சுக்கொடுத்ததில், நெல் ஆராய்ச்சியாளர் என்று தெரிந்தது. நரைத்த தலை. ஒவ்வொரு ஆற்றுப் பாலத்திலும் கால்களை இருக்கைமேல் தூக்கிக்கொண்டார்.

“எங்க சம்பா மழைத்தண்ணியில முழுகிக் கிடக்குங்க. பிழைக்குமா?” என்று கேட்டேன்.

“தண்ணி மூடினா, மரபணு சுத்திக்கிட்டிருக்கிற புரதத்துல மெத்தில்ங்கிற வேதிக்குறி கூடுதலா ஒட்டும். அடங்கிக் கிடந்த சில மரபணு முழிச்சு, பயிர் கொஞ்சநாள் தாக்குப்பிடிக்கும். சீக்கிரம் வடிச்சுவிடுங்க. வடிஞ்சா அது கலைஞ்சு, பயிர் பழையபடி ஆயிடும்.”

“பயிருக்கு நல்ல மறதிங்க!” என்றேன்.

“ஆமாங்க. சுனாமியில என் பொண்ணு போனா. தண்ணி அன்னைக்கே வடிஞ்சுடுச்சு. என் காலுக்குத்தான் இன்னும் தெரியலை.”

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

கார்த்திகை 13, வெள்ளி. விடிந்ததும் முதல் வேலையாக வயலுக்குப் போய் வரப்பை வெட்டிவிட்டேன். பயிரின் நுனி வெளியே தெரியும்வரை அங்கேயே நின்றேன்.